கடைசி மார்க்

முதல் மார்க் வாங்குவதற்காக அடித்துக்கொள்கிறவர்களை எல்லோரும் பார்த்திருப்போம். கடைசி மார்க்குக்காக அடித்துக்கொண்ட கூட்டம் உலகத்திலேயே இந்த ஒரு கிரிக்கெட் அணியாகத்தான் இருக்கும். அதுவும் தற்செயலாக நடந்ததில்லை. கேப்டனே உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்து நடந்தது.

வளர்ந்துவரும் நாடுகளின் அணிகளுக்கென்று ஒருநாள் போட்டித் தொடர் ஒன்று. பெரிய அணிகள் ஏறெடுத்தும் பார்க்காத எட்டு அணிகள். அவற்றில் மேலே வரும் இரண்டுக்கு, அடுத்த சில வருஷங்களுக்குச் சர்வதேச ஒருநாள் அந்தஸ்து. அந்தஸ்து கிடைத்தால் மாதச் சம்பளம், நல்ல மைதானம், பெரிய அணிகளோடு ஆட்டம். கிடைக்காவிட்டால் ஊர் திரும்பி அவரவர் பிழைப்பைப் பார்க்க வேண்டியதுதான். வேகப்பந்து வீசுகிறவர் கணக்கு வாத்தியார். மாற்று ஆட்டக்காரர் பல் டாக்டர். கேப்டன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் பயிற்சியாளர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, பயப்படாதீங்க, பிரேக் என் காலிலும் இருக்கு என்று சொல்லிச் சொல்லியே அவருக்கு வயது நாற்பதைத் தொட்டிருந்தது. இந்தத் தொடரை விட்டால் அவருக்கு வேறு தொடர் இல்லை.

தொடக்க ஆட்டக்காரன் அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்கிறவன். இவனை நம்பித்தான் அந்த அணியே பிழைப்பு நடத்தியது. முதல் பந்திலிருந்து நின்று, மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து போவதை வேடிக்கை பார்த்துக்கொண்டே ரன் சேர்ப்பான். அவன் சீக்கிரம் அவுட்டான ஆட்டங்களில் இவர்கள் ஜெயித்ததாகச் சரித்திரம் இல்லை.

தொடருக்கு முன்னால் எல்லோருக்கும் ஒரு பரீட்சை வைத்தார்கள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வேண்டும். சில சொற்களைப் படித்துக்காட்டுவார்கள், கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். எண்களைத் தலைகீழாகச் சொல்ல வேண்டும். சிவப்பு தெரிந்ததும் பொத்தானை அமுக்க வேண்டும். நல்லபடியாக இருக்கும்போது வாங்கும் மார்க் இது. பிறகு யாருக்காவது தலையில் அடிபட்டால் இதே பரீட்சையை மறுபடி வைப்பார்கள். மார்க் குறைந்தால் மூளை கலங்கியிருக்கிறது என்று அர்த்தம், ஆள் ஒரு வாரத்துக்கு வெளியே. தொடரின் டாக்டரம்மா இதைப் பொறுமையாக விளக்கினார். முதல் அடி ஆறுவதற்குள் இன்னொரு அடி விழுந்தால், அது லேசாகப் பட்டால்கூட, ஆளே போய்விடலாம் என்றும் சொன்னார். அந்த நேரம் பார்த்து அணியில் பாதிப் பேர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்கள்.

ஏனென்றால் கேப்டன் முன்தினமே வகுப்பு எடுத்திருந்தார். எப்போதோ வேறொரு நாட்டு ஆட்டக்காரர் காதில் ஓதிய வித்தை அது. முதல் பரீட்சையில் வேண்டுமென்றே சொதப்பிவிட வேண்டும். அப்புறம் தலையில் அடிபட்டாலும் அதைவிடக் கீழே போக முடியாது, யாரும் வெளியே உட்காரவைக்க முடியாது. ரிசர்வில் பல் டாக்டரை விட்டால் ஆள் கிடையாத அணிக்கு இதைவிட என்ன யோசனை வேண்டும்? எல்லோரும் கேப்டனின் மூளையை மெச்சினார்கள். மூளையைப் பற்றிய விஷயத்தில் அப்படி மெச்சினோமே என்று பிற்பாடு ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

மச்சினன் அன்றைக்கு ஜமாய்த்துவிட்டான். சிவப்பு வந்தது. அவன் தண்ணீர் குடித்தான், பாட்டிலை மூடினான், அப்புறம் பொத்தானை அமுக்கினான். படித்துக்காட்டிய சொற்களில் இரண்டைச் சொல்லிவிட்டு, பட்டியலிலேயே இல்லாத நாற்காலியைச் சேர்த்துக்கொண்டான். எல்லோரையும்விடக் கீழே அவன் மார்க். அன்றிலிருந்து அணியில் அவன் பெயர் மக்கு. நிஜத்தில் அந்த அணியிலேயே ஞாபகசக்தி உள்ளவன் அவன்தான். எந்தக் கம்பெனி மெஷினாக இருந்தாலும் திரையில் வரும் கோளாறு எண்ணைச் சொன்னால் போதும், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இன்ன கோளாறு என்பான். இரண்டு முறை பீப் அடித்தால் தண்ணீர் வரவில்லை, மூன்று முறை அடித்தால் கதவு சரியாக மூடவில்லை. பஸ்ஸில் போகும்போது இதை வைத்து அவனிடம் பந்தயம் கட்டித் தோற்காதவர்கள் இல்லை.

கடைசிக்கு முந்தின ஆட்டத்தில் அவனுக்கு அடிபட்டது. எகிறி வந்த பந்து ஹெல்மெட்டில், காதுக்கு மேலே விழுந்தது. சத்தம் பெவிலியன் வரை கேட்டது. உட்கார்ந்தான், எழுந்தான், கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். ஓடிவந்த டாக்டரம்மா கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னான். தொடர்ந்து ஆடி ஜெயிக்கவும் வைத்தான். அத்தோடு கணக்கு எளிதாகிவிட்டது. கடைசி ஆட்டத்தில் ஜெயித்தால் அந்தஸ்து, தோற்றால் வீடு.

மறுநாள் காலை மச்சினனுக்கு மறுபரீட்சை. கேப்டன் அறைக்கு வெளியே நின்றார். டாக்டரம்மா கதவைத் திறந்து, மார்க் குறையவில்லை, முதல் தடவை வாங்கிய அதே மார்க்தான், நாளை ஆடலாம் என்றார். ஆனாலும் அவர் முகத்தில் ஒரு சுளிப்பு இருந்தது. தலைவலி இருந்தால் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள் என்று கேப்டனிடம் இரண்டாம் முறையும் சொல்லிவிட்டுப் போனார். வராந்தாவில் நின்ற அணிக்காரர்கள் மக்கு பாஸ் என்று கைதட்டினார்கள். ஒருவர் அவனைத் தூக்கிச் சுற்றப் போனார். அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு, வேண்டாம் என்றான்.

அறைக்கு வந்ததும் அவன் திரைச்சீலைகளை இழுத்து மூடினான். கேப்டனும் அவனும் ஒரே அறை. கட்டிலில் உட்கார்ந்து ஷூவைக் கழற்ற ஆரம்பித்தவன் ஒரு கால் முடிந்ததும் நிறுத்திவிட்டு, கழற்றிய ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா, ஒண்ணு சொல்லவா?"

"சொல்லு."

"இன்னிக்கு நான் நடிக்கல. மார்க் கொஞ்சம் கூடவே வரட்டும், டாக்டரம்மாக்கு சந்தேகம் வராதுன்னு, நெஜமாவே முயற்சி பண்ணித்தான் பதில் சொன்னேன்."

வேண்டுமென்றே மக்காக நடித்து வாங்கிய மார்க்கை, அடிபட்ட பிறகு இவன் உயிரைக் கொடுத்து முயன்று வாங்கியிருக்கிறான். ஒருவேளை தூக்கம் போதாமல் இருக்கலாம், அடித்துப்போட்ட மாதிரி அலுப்பாக இருக்கலாம் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டார். பிறகு சும்மா விளையாட்டுக்குக் கேட்பதுபோல, மூன்று பீப் அடித்தால் என்னடா கோளாறு என்று கேட்டார். மச்சினன் சிரித்தான். அப்புறம் சிரிப்பு அப்படியே நிற்க, கண் மட்டும் எங்கோ தேடிக்கொண்டு போயிற்று. தண்ணீர் வரவில்லை என்றான். பிறகு, இல்லை இல்லை, மோட்டார் என்றான். பிறகு, நாளைக்கு நான் ஆடுறேன்ல மாமா என்று கேட்டான்.

அந்தக் கேள்வியைப் பகல் முழுவதும் கேட்டுக்கொண்டே இருந்தான். சாப்பிடும்போது கேட்டான், பதில் வாங்கிக்கொண்டான், தட்டு காலியாகும் முன் மறுபடி கேட்டான். ஒவ்வொரு தடவையும் அப்போதுதான் முதல் தடவை கேட்கிறவன் மாதிரி முகம் மலர்ந்தது. கேப்டன் ஒவ்வொரு தடவையும் ஆமாம் என்றார். ஒரு கட்டத்தில் எழுந்து, டாக்டரம்மாவின் அறை இருக்கும் மாடி வரைக்கும் போனார். போய்ச் சொன்னால் என்ன ஆகும்? இவன் ஒருவனுடைய பரீட்சை பொய் என்றால் எல்லோருடைய பரீட்சையும் பொய். அணியையே வெளியே அனுப்பினாலும் அனுப்புவார்கள். கணக்கு வாத்தியார் சம்பளமில்லாத விடுப்பில் வந்திருக்கிறார், இன்னொருவர் வேலையையே விட்டுவிட்டு வந்திருக்கிறார். எல்லாம் நியாயமான காரணங்கள்தான். ஆனால் அவர் உண்மையில் நினைத்தது நாளைக்கு டாஸ் போட நடந்துபோகும் தன்னைத்தான். மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்டார்.

சாயங்காலம் மனைவி போன் செய்தாள். அவள் எப்போதும் முதலில் சாப்பிட்டீங்களா என்றுதான் கேட்பாள். அன்றைக்குக் கேட்கவில்லை.

"தம்பி இப்பதான் எங்கிட்ட பேசினான். அவனுக்கு என்ன ஆச்சு?"

"என்ன ஆச்சு? ஒண்ணும் இல்லையே."

"ஒரே விஷயத்த ரெண்டு தடவ சொன்னான். ரெண்டாவது தடவையும் அதே இடத்துல சிரிச்சான். நேத்து பந்து பட்டுச்சாமே?"

"டாக்டர் பாத்தாச்சு, டெஸ்டும் பாஸ். சரியா தூங்கல, அவ்வளவுதான்."

அவள், "சரி. நீங்க பக்கத்துல இருக்கீங்க, எனக்கென்ன பயம்," என்று வைத்துவிட்டாள். போனைக் கட்டிலில் போட்டுவிட்டுக் கேப்டன் குளியலறைக்குப் போனார். அங்கே குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக ஓடியதோ, தரையெல்லாம் தண்ணீர். குழாயை மூடிவிட்டு அங்கேயே நின்றார்.

பொய் சொன்னவனுக்கு உடனே ஒரு திட்டமும் தோன்றிவிடும். கேப்டனுக்கும் தோன்றியது. வழக்கமாக நாலாவதாக இறங்குகிறவர், இந்த ஆட்டத்தில் மச்சினனோடு தானே தொடக்கத்தில் இறங்குவதாக அறிவித்தார். ஓவரின் பெரும்பாலான பந்துகளைத் தானே ஆடிவிட்டு, கடைசிப் பந்தில் ஒரு ரன் ஓடி எதிர்முனைக்குப் போய்விட்டால், அடுத்த ஓவரையும் தானே ஆடலாம். வேகப்பந்துக்காரர்கள் ஓயும்வரை இவனைப் பந்து படாமல் காப்பாற்றிவிடலாம். பிரேக் என் காலிலும் இருக்கு என்று வருஷக்கணக்காகச் சொன்னவருக்கு இந்த ஏற்பாடு பாதுகாப்பாகத்தான் தெரிந்தது.

ஆட்டத்தன்று காலையில் வெயில் கண்ணைப் பறித்தது. மச்சினன் பேடு கட்டும்போது இடது காலுடையதை வலது காலில் கட்டினான். கணக்கு வாத்தியார் அதைப் பார்த்து, மக்கு இப்பவும் நடிக்குது பாருங்க என்றார். அறையே சிரித்தது. மச்சினனும் சேர்ந்து சிரித்தான். கேப்டன் குனிந்து அவன் பேடுகளை அவிழ்த்து மாற்றிக் கட்டிவிட்டார்.

முதலில் அவர்களுடைய பேட்டிங். திட்டம் கொஞ்ச நேரம் பலித்தது. எதிரணியின் வேகப்பந்துக்காரன் நெட்டையன். ஓடிவந்து கை சுழற்றினால் பந்து நெஞ்சுக்கு நேரே ஏறும். கேப்டன் அவற்றை உடம்பில் வாங்கினார், விலாவில் வாங்கினார், கடைசிப் பந்தை மட்டும் எங்காவது தட்டிவிட்டு ஓடினார். மச்சினனுக்குக் கிடைத்தது அங்கொன்றும் இங்கொன்றுமாக. நல்ல ஆட்டக்காரனுக்குப் பந்து கொடுக்காமல் தானே ஆடுகிறாரே, பெயர் வாங்க ஆசை என்று கூட்டத்தில் கேலி செய்தார்கள். அது அவர் காதிலும் விழுந்தது.

ஒரு ஓவர் முடிந்த இடைவெளியில் இருவரும் நடுவில் சந்தித்தார்கள். மச்சினன் ஹெல்மெட் கம்பிகளுக்குள்ளிருந்து அவரைப் பிரியமாகப் பார்த்தான்.

"மாமா, நாளைக்கு நான் ஆடுறேன்ல?"

கையில் பேட்டோடு, காலில் பேடோடு, ஆட்டத்தின் நடுவில் நின்றுகொண்டு கேட்டான். அந்த இடத்திலாவது அவர் நிறுத்தியிருக்க வேண்டும். நடுவரை நோக்கிக் கையைத் தூக்க எவ்வளவு நேரம் ஆகும்? அவர் ஸ்கோர்போர்டைப் பார்த்தார். விக்கெட் போகாமல் ரன் நன்றாகவே ஏறியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம், நெட்டையன் ஓய்ந்துவிடுவான் என்று நினைத்துக்கொண்டு, "ஆடுறடா," என்றார்.

அடுத்த ஓவரின் கடைசிப் பந்தைத் தட்டிவிட்டு அவர் ஓடினார். எதிர்முனையிலிருந்து மச்சினன், வாங்க மாமா, வாங்க என்று தெளிவாகக் கூப்பிட்டான். கூப்பிட்டுவிட்டு நின்ற இடத்திலேயே நின்றான். கேப்டன் பாதி வழி தாண்டி, முக்கால் வழி தாண்டி, அவன் முகத்துக்கு நேரே வந்துவிட்டார். அவன் நகரவில்லை. வருகிற ஆளை வரவேற்கிறவன் மாதிரி நின்றான். பின்னால் ஸ்டம்பு சாய்ந்த சத்தம் கேட்டது.

ரன் அவுட். கேப்டன் திரும்பி நடந்தார். கொஞ்ச தூரம் போனதும் பின்னால் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தால், மச்சினனும் பேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு கூடவே வருகிறான். நீ எங்கடா வர்ற என்றதற்கு, நான் அவுட் ஆயிட்டேன்ல என்றான். நடுவர் ஓடிவந்து தோளைத் தொட்டு அவனைத் திருப்பி அனுப்பினார். கூட்டம் முழுக்கச் சிரித்தது. சொந்த அணியும் பால்கனியில் நின்று சிரித்தது. மக்கு, மக்கு என்று யாரோ தாளம் போட்டார்கள்.

புது ஓவர். வீசப்போவது நெட்டையன். ஆடப்போவது மச்சினன். இடையில் நின்று வாங்கிக்கொள்ள இனி ஆளில்லை. பிரேக் இருந்த கால் மைதானத்தை விட்டு வெளியே நடந்துகொண்டிருந்தது.

எல்லைக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் டாக்டரம்மா உட்கார்ந்திருந்தார். கேப்டன் அவரைத் தாண்டிப் படிக்கட்டு வரை போய்விட்டார். ஒரு படியில் காலையும் வைத்துவிட்டார். அப்புறம் என்ன நினைத்தாரோ, திரும்பி, ஹெல்மெட்டைக் கீழே போட்டுவிட்டு, பேடு கட்டிய காலோடு தடுமாறிக்கொண்டு ஓடிவந்தார்.

"டாக்டர், அந்த முதல் டெஸ்ட் பொய். வேணும்னே தப்பா எழுதினோம்."

"யாரோட டெஸ்ட்?"

"எல்லாரோடதும். நான்தான் சொல்லிக்குடுத்தேன். அவனுக்கு ஒண்ணுமே ஞாபகம் நிக்கல. நிறுத்துங்க."

டாக்டரம்மா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே ஆட்டிக்கொண்டு மைதானத்துக்குள் ஓடினார். நெட்டையன் அதற்குள் ஓட ஆரம்பித்திருந்தான். நடுவரின் பார்வை அவன் காலில் இருந்தது. கேப்டன் மச்சினனின் பெயரைச் சொல்லிக் கத்தினார். சத்தம் கூட்டத்தின் இரைச்சலில் கரைந்துபோயிற்று.

பந்து குத்தி எழும்பியது. மச்சினன் குனியவில்லை, விலகவில்லை, பேட்டைத் தூக்கவில்லை. ஹெல்மெட்டின் கம்பியை உரசுகிற மாதிரி அது அவனைக் கடந்து கீப்பரின் கையில் போய் அறைந்தது. அப்புறம் கைதட்டல் எழுந்தது. ஒலிபெருக்கியில் வர்ணனையாளர் பரவசப்பட்டுப் போனார். என்ன நெஞ்சுரம், கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை, பந்து எங்கே போகும் என்று அளந்து வைத்திருக்கிறார் பாருங்கள் என்றார். அவன் அந்தப் பந்தைப் பார்க்கவே இல்லை என்பது அந்த மைதானத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும்.

டாக்டரம்மா போய் அவன் கையைப் பிடித்தார். மறுபேச்சு பேசாமல் அவரோடு நடந்து வந்தான். பேட் பிட்சிலேயே கிடந்தது. பல் டாக்டர் உள்ளே போனார். ஆட்டம் என்ன ஆயிற்று என்று சொல்லத் தேவையில்லை. அவர்கள் தோற்றார்கள். தோற்ற செய்தி ஆஸ்பத்திரிக்கு வந்தபோது கேப்டன் இன்னும் பேடைக்கூட அவிழ்க்கவில்லை.

ஸ்கேனில் மூளைக்கு ஓரமாகக் கொஞ்சம் ரத்தம் கசிந்திருப்பது தெரிந்தது. கூடாமல் இருந்தால் தப்பித்தான், கூடினால் மண்டையைத் திறக்க வேண்டும், இப்போதைக்கு எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்கள். டாக்டரம்மா வராந்தாவில் கேப்டனுக்கு எதிரே நின்றார். கோபம் அவர் குரலில் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. பிழைத்து எழுந்தாலும் இவன் முழுசாகத் திரும்பிவிட்டானா என்று எதை வைத்துப் பார்ப்பது என்று கேட்டார். நன்றாக இருந்தபோது இவன் எப்படி இருந்தான் என்பதற்கு எங்களிடம் இருப்பது நீங்கள் கொடுத்த அந்தக் கடைசி மார்க் மட்டும்தான் என்றார். கேப்டன் வாயைத் திறந்தார். பஸ்ஸில் கட்டிய பந்தயங்களைப் பற்றி, கோளாறு எண்களைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

உள்ளே மச்சினன் கண் மூடிக் கிடந்தான். தலைமாட்டில் ஒரு கருவி மூன்று முறை பீப் அடித்து ஓய்ந்தது. அவன் கண்ணைத் திறக்காமலே, "கதவு சரியா மூடல மாமா," என்றான். நேற்றுத் தேடிக் கிடைக்காத பதில் அது. கேப்டன் எழுந்துபோய், மூடியே இருந்த அறைக்கதவை இன்னொரு தடவை அழுத்தி மூடிவிட்டு வந்தார். வரும்போது அழுதுகொண்டிருந்தார்.

போன் அடித்தது. மனைவி. அவள் ஆட்டத்தைப் பார்த்திருந்தாள், தம்பியை அழைத்துப்போனதையும் பார்த்திருந்தாள். அவன்கிட்ட குடுங்க என்றாள். கேப்டன் போனை அவன் காதருகே வைத்துப் பிடித்தார். அக்கா, ஒண்ணும் இல்லக்கா, நல்லாத்தான் இருக்கேன் என்று அவன் கொஞ்ச நேரம் பேசினான், சிரித்தான், அப்படியே தூங்கிப்போனான். கேப்டன் போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார்.

"நாளைக்கு மேட்ச்ல ஆடப்போறேன்னு சொல்றான்," என்றாள் அவள். "மேட்ச் முடிஞ்சு போச்சே."

"ஆமா."

பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"நேத்து நான் கேட்டேனே, அவனுக்கு என்ன ஆச்சுன்னு. அப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

கீழே ஆஸ்பத்திரி வாசலில் அணியின் பஸ் வந்து நின்றது. ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஒருவர் கையில் பிட்சில் விட்டுவந்த அந்த பேட் இருந்தது. தப்பான பதில் சொல்ல ஊருக்கே சொல்லிக்கொடுத்தவருக்கு அந்த ஒரு கேள்விக்கு மட்டும் அது வரவில்லை.

"தெரியும்," என்றார்.